சொல்லப்படாத சொல்லும் எக்ஸ்ரே வண்டியும்

அகிரா குரோசவாவின் 'இகிரு' ஒரு எக்ஸ்ரே படத்தோடு தொடங்குகிறது. திரையில் நாம் முதலில் பார்ப்பது மனித முகத்தை அல்ல, ஒரு வயிற்றின் நிழலை. இது நம் கதாநாயகனின் இரைப்பை, இதில் புற்றுநோயின் அறிகுறி தெரிகிறது, ஆனால் அவருக்கு அது இன்னும் தெரியாது என்று ஒரு குரல் அறிவிக்கிறது. 1952-ல் வெளியான இப்படத்தைத் திரைப்படச் சங்கங்களிலும் பின்னர் குறுந்தகடுகளிலும் பார்த்த நம் வாசகர்கள் பலருக்கு நினைவில் நிற்பது, பனி விழும் பூங்காவில் ஊஞ்சலில் அமர்ந்து பாடும் தகாஷி ஷிமுராவின் முகமாகத்தான் இருக்கும். எனக்கு மனத்தில் தங்கியது வேறொரு காட்சி. மருத்துவமனையின் காத்திருப்புக் கூடத்தில் வதனாபேவின் அருகில் வந்து அமரும் ஒரு வாயாடி, மருத்துவர்கள் இரைப்பைப் புற்றுநோயை எப்படி மறைப்பார்கள் என்று விளக்குகிறான். லேசான வயிற்றுப்புண் என்பார்கள், அறுவை சிகிச்சை வேண்டாம் என்பார்கள், பிடித்ததைச் சாப்பிடச் சொல்வார்கள். அப்படிச் சொல்லிவிட்டால் ஓராண்டுகூடத் தாங்காது என்கிறான். சில நிமிடங்களில் வதனாபே உள்ளே போகிறார். மருத்துவர் அதே சொற்களை அதே வரிசையில் சொல்கிறார். வதனாபேவின் கையிலிருந்து மேலங்கி நழுவி விழுகிறது.

பொய்யே உண்மையை அறிவிக்கும் சங்கேதமாகிவிட்ட ஒரு சமூகத்தின் சித்திரம் இது. படத்தின் பிற்பகுதியில், இறந்துபோன வதனாபேவின் துக்க வீட்டில் அலுவலக நண்பர்கள் குடித்தபடி விவாதிப்பதும் இதைத்தான்: அவருக்குத் தன் நோய் தெரியுமா, தெரியாதா?

இந்தப் படம் வந்த எட்டே ஆண்டுகளில் அதே ஜப்பானின் வடகிழக்கில், மியாகி மாவட்டத்தின் கிராமச் சாலைகளில், எக்ஸ்ரே கருவி பொருத்திய ஒரு வண்டி ஓடத் தொடங்கியது. நோய் எதுவும் இல்லை என்று நம்பிக்கொண்டிருந்த விவசாயிகளையும் அவர்கள் மனைவிமாரையும் வரிசையில் நிறுத்தி, அவர்களுடைய இரைப்பையைப் படமெடுத்தது. இரைப்பைப் புற்றுநோய்க்கென உலகில் முதன்முதலாக ஓடிய வண்டி அது என்பார்கள். நோயாளியிடம் நோயின் பெயரைச் சொல்லத் துணியாத ஒரு மருத்துவம், நோயாளியே அல்லாதவரின் வீட்டு வாசலுக்கு வந்து அதே நோயைத் தேடிற்று. இந்த முரணை ஜப்பான் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் சுமந்துகொண்டு நடந்தது. அதை வியப்பின்றி நினைக்க என்னால் முடிவதில்லை.

*

ஜப்பானுக்கும் வயிற்றுக்குமான உறவு பழையது. நத்சுமே சோசெகி தன் இறுதி ஆண்டுகள் முழுவதும் வயிற்றுப்புண்ணோடு போராடி, 1910-ல் ஷுசென்ஜி என்னும் வெந்நீர் ஊற்று ஊரில் ரத்த வாந்தியெடுத்துச் சாவின் விளிம்பைத் தொட்டுத் திரும்பி, 1916-ல் அந்தப் புண்ணாலேயே இறந்தார். அவருடைய பாத்திரங்களில் வயிறு சரியில்லாதவர்கள் நிறைய. உப்பில் ஊறிய காய்கறி, உப்பிட்ட மீன், மிசோ சூப், மலைபோல் சோறு என்பதே வடகிழக்கு ஜப்பானின் ஏழை உணவு. அதோடு அன்று எவரும் அறியாத ஒரு பாக்டீரியா குழந்தைப் பருவத்திலேயே வயிற்றில் குடியேறிக்கொண்டிருந்தது. கட்சுசபுரோ யமகிவா முயல்களின் காதில் நிலக்கரித் தாரைத் தொடர்ந்து பூசிச் செயற்கையாகப் புற்றுநோயை உண்டாக்கிக் காட்டிய நாடு அது (1915). நோபல் பரிசு அவருக்குப் போகவில்லை. எலிகளின் இரைப்பையில் ஒரு புழு புற்றுநோயை உண்டாக்குகிறது என்ற டென்மார்க்கின் ஃபிபிகருக்கு, 1926-ஆம் ஆண்டுக்குரிய பரிசாகப் போயிற்று. ஃபிபிகரின் முடிவு தவறு என்பது பிறகு தெரிந்தது.

1950 வரை ஜப்பானியரைக் கொன்றதில் முதலிடம் காசநோய்க்கு. வண்டியின் கதை உண்மையில் அங்கேதான் தொடங்குகிறது. மார்பை எக்ஸ்ரே திரையில் விழவைத்து, அந்தத் திரையைச் சிறிய ஃபிலிமில் படமெடுக்கும் முறை 1930-களில் பிரேசிலின் அப்ரெயு போன்றோரால் நடைமுறைக்கு வந்தபோது, ஆயிரக்கணக்கானோரை மலிவாகச் சோதிப்பது சாத்தியமாயிற்று. ஜப்பான் அதைக் கையிலெடுத்துக்கொண்டது. 1951-ன் காசநோய்த் தடுப்புச் சட்டத்துக்குப் பிறகு பள்ளியிலும் தொழிற்சாலையிலும் ஊரிலும் ஆண்டுக்கொரு முறை சட்டையைக் கழற்றி எக்ஸ்ரே கருவியின் முன் நிற்பது, வரி கட்டுவதுபோல் ஒரு குடிமைப் பழக்கமாகிவிட்டது. உடலில் எந்த உபாதையும் இல்லாதபோது மருத்துவச் சோதனைக்குப் போவது என்பது இயல்பான செயலே அல்ல. நம் கிராமத்துப் பெரியவர் ஒருவரிடம் அதைச் சொல்லிப் பார்த்தால் தெரியும். ஜப்பானியருக்கு அந்தப் பழக்கத்தைக் கற்றுக்கொடுத்தது காசநோய். புற்றுநோய் அந்தப் பழக்கத்தைப் பரம்பரைச் சொத்தாகப் பெற்றது.

தோஷியோ குரோகவா செண்டாய் நகரின் தோஹோகு பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பேராசிரியர். வயிறு, குடல் ஆகியவற்றின் எக்ஸ்ரே நோயறிதலில் பெயர் பெற்றவர். பின்னாளில் அப்பல்கலைக்கழகத்தின் தலைவரானார். அவரிடம் வந்த இரைப்பைப் புற்றுநோயாளிகளில் பெரும்பாலோர் காலம் கடந்து வந்தவர்கள். வலி தெரிந்தபோது கத்திக்கு வேலையில்லை. கூடத்தில் காத்திருந்து பயனில்லை, நாம்தான் போக வேண்டும் என்று 1950-களில் அவர் குழுவினர் மியாகியின் கிராமங்களுக்குச் செல்லத் தொடங்கினர். 1958-ல் மாவட்ட அளவில் புற்றுநோய் எதிர்ப்புச் சங்கம் ஒன்று உருவாயிற்று. அதே ஆண்டில் ஆசாஹி நாளிதழின் துணையோடு தேசிய அளவிலும் ஒன்று. வண்டி 1960-ல் வந்தது.

வண்டியால் மட்டும் காரியம் நடந்துவிடாது. பேரியம் கரைசலைக் குடிக்கவைத்து எடுக்கும் பழைய படத்தில், பெரிதாய் வளர்ந்துவிட்ட கட்டிதான் பள்ளமாகவோ மேடாகவோ தெரியும். சிபா பல்கலைக்கழகத்தின் ஹிகோ ஷிராகாபேவும் அவர் தோழர்களும் பேரியத்தோடு காற்றையும் வயிற்றுக்குள் செலுத்தி, விரிந்த சுவரில் பேரியம் மெல்லிய பூச்சாகப் படியும்படி செய்தார்கள். சுவரின் மடிப்புகள், அவை திடீரென முறியும் இடம், சில மில்லிமீட்டர் ஆழமுள்ள ஒரு குழிவு எல்லாம் படத்தில் வந்தன. இன்னொரு பக்கம், 1949-ல் தோக்கியோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தட்சுரோ உஜி என்ற இளம் அறுவை மருத்துவர் ஒலிம்பஸ் நிறுவனத்தாரிடம் ஒரு விசித்திரமான கோரிக்கையோடு போனார்: வயிற்றுக்குள் இறக்கக்கூடிய ஒரு காமிரா வேண்டும். முட்சுவோ சுகியுரா என்ற பொறியாளர் அதை ஏற்றுக்கொண்டார். மறு ஆண்டே மாதிரிக் கருவி தயாராயிற்று. விழுங்கத்தக்க குழாயின் நுனியில் குட்டிக் காமிரா, குட்டி விளக்கு, மெல்லிய நாடாவாக ஃபிலிம். எங்கே படமெடுக்கிறோம் என்று பார்க்க வழியில்லை. ஆகையால் அறையை இருட்டாக்குவார்கள். விளக்கு மின்னும்போது வயிற்றின் தோல் வழியே வெளிச்சம் மங்கலாகக் கசியும். அந்த வெளிச்சம் எங்கே தெரிகிறது என்பதைக் கொண்டு காமிரா இருக்கும் இடத்தை ஊகிப்பார்கள். அகிரா யோஷிமுரா இக்கருவி உருவான கதையை 1981-ல் நாவலாகவே எழுதினார். 'ஒளிரும் சுவரோவியம்' என்று அதன் தலைப்பைத் தமிழாக்கலாம்.

இந்த இரண்டு வழிகளாலும் சேர்ந்த படங்களிலிருந்து 1962-ல் ஜப்பானிய எண்டோஸ்கோப்பி மருத்துவர்கள் 'ஆரம்பநிலை இரைப்பைப் புற்றுநோய்' என்பதற்கு ஒரு வரையறை தந்தார்கள்: இரைப்பைச் சுவரின் உட்படலத்தையோ அதற்கு அடுத்த அடுக்கையோ தாண்டாதது. அந்த நிலையில் அறுத்தெடுத்தால் ஐந்தாண்டுக்குப் பின்னும் உயிரோடிருப்போர் தொண்ணூறு விழுக்காட்டுக்கும் மேல். மரணத்தின் மறுபெயராக இருந்த ஒன்றுக்கு, மரணமில்லாத ஒரு தொடக்க அத்தியாயம் இருப்பது தெரியவந்தது. அந்த அத்தியாயத்தில் நோயாளிக்கு வலியில்லை, பசி குறைவதில்லை, எடை இறங்குவதில்லை. அவராக வரமாட்டார், அழைத்துத்தான் வரவேண்டும்.

*

எப்படி அழைத்தார்கள் என்பது எனக்கு இக்கதையின் மிகச் சுவையான பகுதி. துண்டறிக்கைகளும் செய்தித்தாள்களும் இருந்தன; ஆனால் கிராமங்களில் வேலை செய்தது அண்டை வீடு. ஊர்ப் பொதுச்சுகாதாரச் செவிலியர், மகளிர் சங்கங்கள், நாகானோ போன்ற மாவட்டங்களில் 1940-களிலேயே தோன்றிவிட்ட தன்னார்வச் சுகாதாரத் துணையாளர்கள் என்று ஒரு வலைப்பின்னல். எதிர்வீட்டுப் பெண்மணி கையில் படிவத்தோடு வந்து நிற்கும்போது வேண்டாம் என்பது கடினம். இதை நாம் 'விழிப்புணர்வு' என்று இன்று அழைக்கிறோம். அந்த வரிசையில் நின்ற முதியவர்களுக்குப் புற்றுநோயைப் பற்றி என்ன தெரிந்திருந்தது என்று கேட்டால், மிகக் குறைவே என்றுதான் சொல்ல வேண்டும். ஊர் போயிற்று, அவர்களும் போனார்கள். அறிவால் நிரம்பிய கூட்டமல்ல அது, பழக்கத்தாலும் முகதாட்சண்யத்தாலும் திரண்ட கூட்டம். இதைக் குறையாகச் சொல்லவில்லை.

முந்தைய இரவிலிருந்து எதுவும் உண்ணாமல் அதிகாலையில் வரவேண்டும். வாயுவை உண்டாக்கும் பொடியை விழுங்கச் செய்வார்கள். ஏப்பம் வரும், ஆனால் விடக்கூடாது. பிறகு சுண்ணாம்புக் குழம்புபோல் ஒரு குவளை பேரியம். சாய்ந்து எழும் மேசையில் படுத்தபின், அறைக்கு வெளியிலிருந்து ஒலிபெருக்கியில் கட்டளைகள்: வலப்பக்கம் திரும்புங்கள், ஒரு முழுச் சுற்று உருளுங்கள், மூச்சை நிறுத்துங்கள். மேசை தலைகீழாகச் சரியும்போது கைப்பிடிகளை இறுகப் பற்றிக்கொள்ள வேண்டும். முடிந்ததும் மலமிளக்கி மாத்திரை தந்து அனுப்புவார்கள். பேரியம் குடலில் கட்டியாகிவிடக்கூடும். நாற்பது வயதுக்காரருக்கு இது ஒரு வேடிக்கை. காது மந்தமான, முழங்கால் மடங்காத, விழுங்கும்போது புரையேறுகிற எழுபத்தெட்டு வயதுக்காரருக்கு அப்படியல்ல.

1951-லிருந்து ஜப்பானில் முதல் எமனாக இருந்த மூளைப் பக்கவாதத்தை 1981-ல் புற்றுநோய் முந்தியது. 1983-ல் முதியோர் நலச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, நாற்பது வயதைக் கடந்தோருக்கான இரைப்பைச் சோதனை ஒவ்வோர் ஊராட்சியின் கடமையாயிற்று. ஆண்டுக்கு ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் பேரியம் குடித்த காலம் உண்டு. ஆயிரம் பேரைப் படமெடுத்தால் ஏறத்தாழ நூறு பேர் மேற்சோதனைக்கு அழைக்கப்படுவார்கள். அந்த நூறில் ஒருவருக்கோ இருவருக்கோ புற்றுநோய் இருக்கும்.

அந்த ஒருவரிடம் என்ன சொன்னார்கள்?

*

வயிற்றுப்புண் என்றுதான் பெரும்பாலும் சொன்னார்கள். குடும்பத்தாரைத் தனியே அழைத்து உண்மையைச் சொல்வதும், நோயாளியிடம் மறைப்பதும் வழக்கம். 1990-களின் தொடக்கத்தில்கூட ஜப்பானியப் புற்றுநோயாளிகளில் பெரும்பாலோரிடம் நோயின் பெயர் சொல்லப்படவில்லை. இதை ஜப்பானிய விசித்திரம் என்று ஒதுக்கிவிடக்கூடாது. 1961-ல் அமெரிக்க மருத்துவர்களிடையே டொனால்ட் ஓக்கன் நடத்திய ஆய்வில் பத்தில் ஒன்பது பேர் சொல்லாமலிருப்பதையே விரும்பினார்கள். அமெரிக்கா இருபது ஆண்டுகளுக்குள் அடியோடு மாறியது, ஜப்பான் மாறவில்லை. தொயோகோ யமசாகி 1960-களில் எழுதிய 'வெள்ளைக் கோபுரம்' நாவலில், இரைப்பை அறுவையில் மேதையான ஸைசென் கோரோ கடைசியில் இரைப்பைப் புற்றுநோயால் இறக்கிறான். அவனுடைய சகாக்கள் அவனிடமும் வயிற்றுப்புண் என்றே சொல்கிறார்கள். ஆயிரம் பேருக்குத் தான் சொன்ன பொய்யை அவன் கேட்டுக்கொண்டு படுத்திருக்கிறான். இதைவிடக் கொடிய கவித்துவ நீதியை நான் எந்த மருத்துவ நாவலிலும் வாசித்ததில்லை. பேரரசர் ஹிரோஹிதோவுக்கும் இதேதான். 1987 செப்டம்பரில் அறுவை சிகிச்சை. வெளியே சொல்லப்பட்டது கணைய அழற்சி. முன்சிறுகுடல் பகுதியில் புற்றுநோய் என்பது 1989 ஜனவரியில் அவர் இறந்தபிறகுதான் அதிகாரபூர்வமாக அறிவிக்கப்பட்டது. அவரிடம் கடைசிவரை சொல்லவில்லை.

நமக்கு இது அந்நியமில்லை. என் பெரியப்பா ஒருவர் 'அல்சர்' என்று சொல்லப்பட்டு, அல்சருக்கான பத்தியத்தை ஒழுங்காகக் கடைப்பிடித்து, ஐந்து மாதத்தில் இறந்தார். மருத்துவரின் அறை வாசலில் பெரியம்மா கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டது எனக்கு நினைவிருக்கிறது: "அவர் காதுல மட்டும் போட்டுடாதீங்க." பெரியப்பாவுக்குத் தெரிந்திருந்ததா என்று துக்க வீட்டில் நாங்களும் பேசிக்கொண்டோம்.

மறைப்பதன் நியாயங்களை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால் முன்கூட்டிக் கண்டறியும் ஓர் இயக்கத்துக்குள் அந்தப் பொய் நுழையும்போது அது வேறு வேலை செய்யத் தொடங்குகிறது. நகோயாவில் நடந்த ஒரு வழக்கு இதை முகத்திலறைந்தாற்போல் காட்டுகிறது. அது இரைப்பை அல்ல, பித்தப்பை. புற்றுநோய் என்று சந்தேகித்த மருத்துவர் நோயாளிப் பெண்ணிடம் பித்தப்பைக் கல் என்றார். மோசமான கல், உடனே மருத்துவமனையில் சேருங்கள் என்றார். கல்தானே என்று அவர் வெளிநாட்டுப் பயணத்தை முடித்துக்கொண்டு வந்தார், சேர்வதையும் தள்ளிப்போட்டார். பிறகு இறந்தார். அவர் ஒரு செவிலி என்பது இன்னொரு வேதனை. குடும்பத்தார் தொடுத்த வழக்கில், நோயின் பெயரைச் சொல்லாதது மருத்துவரின் தவறல்ல என்று 1989-ல் மாவட்ட நீதிமன்றமும், 1995-ல் உச்சநீதிமன்றமும் தீர்ப்பளித்தன.

இந்த வழக்கை வாசித்தபோது வண்டியின் மேற்சோதனைக் கடிதங்கள் என் நினைவுக்கு வந்தன. நூறு பேருக்குக் கடிதம் போனால் எல்லோரும் வந்துவிடுவதில்லை. கணிசமானோர் எந்த ஆண்டும் வந்ததில்லை. புற்றுநோய் என்றாலே சாவு என்று நம்புகிறவர் பயத்தால் வரமாட்டார். வயிற்றுப்புண்தான் இருக்கும் என்று நம்புகிறவர் அலட்சியத்தால் வரமாட்டார். மருத்துவர்களின் மௌனம் இவ்விரண்டு நம்பிக்கைகளையும் ஒருசேர ஊட்டி வளர்த்தது. ஆரம்பநிலையில் குணமானவர்களுக்கும் 'புண்' என்றே சொல்லப்பட்டதால், புற்றுநோயிலிருந்து பிழைத்த மனிதர் எவரும் ஊர்க்கண்ணுக்குத் தெரியவில்லை. பிழைத்தோர் அனைவரும் புண்ணிலிருந்து பிழைத்தவர்கள், இறந்தோர் மட்டுமே புற்றுநோயால் இறந்தவர்கள். வண்டி சாதித்ததை அந்தச் சொல் அழித்துக்கொண்டே வந்தது.

1993 செப்டம்பர் 6-ஆம் நாள் தொலைக்காட்சித் தொகுப்பாளர் மசதகா இட்சுமி செய்தியாளர்களை அழைத்து, தனக்கு வந்திருப்பது புற்றுநோய் என்று சொன்னார். அவ்வாண்டின் தொடக்கத்தில் நடந்த அறுவை சிகிச்சைக்கு வயிற்றுப்புண் என்றே உலகுக்குக் காரணம் சொல்லப்பட்டிருந்தது. இரைப்பைச் சுவருக்குள் பரவும், எளிதில் கண்ணில் படாத வகைப் புற்றுநோய் அது. கிறிஸ்துமஸ் நாளன்று இறந்தார்; வயது 48. நோயின் பெயரை நோயாளியே, அதுவும் சிரித்த முகத்துக்குப் பெயர்போன ஒருவர், உரக்கச் சொன்னதை நாடு பார்த்தது. அதன்பின் பத்தாண்டுகளில் சொல்வதே வழக்கமாகிவிட்டது. ஒரு மனிதரால் நிகழ்ந்த மாற்றமென்று சொல்லமாட்டேன். ஆரம்பநிலையில் கண்டுபிடிக்கப்பட்டோர் பெருகப் பெருக, சொல்லக்கூடிய செய்தியாகவும் அது மாறிக்கொண்டிருந்தது.

*

சொல்லப்படத் தொடங்கியவுடன் கேள்விகளும் வந்தன. கெயோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கதிர்வீச்சு மருத்துவர் மகோட்டோ கோண்டோ 1996-ல் 'நோயாளிகளே, புற்றுநோயோடு போராடாதீர்கள்' என்ற பொருள்படும் நூலை எழுதினார். சோதனையில் அகப்படுபவற்றில் பல கொல்லாத போலிப் புற்றுநோய்கள்; கொல்பவை எப்படியும் கொல்லும்; ஆகவே சோதனை வீண் என்பது அவர் வாதம். நூல் அமோகமாக விற்றது. நான் அவரோடு உடன்படவில்லை. ஆனால் அவர் காலூன்றி நின்ற இடம் வெற்றிடமல்ல. ஜப்பானிய நோய்க்கூறியலாளர் புற்றுநோய் என்ற சில திசுக்களை மேலைநாட்டார் அதற்கு முந்தைய திரிபு என்றே வாசித்தனர். ஜப்பான் தன் வண்டிகளை ஓட்டத் தொடங்கியபோது, சோதித்தோரையும் சோதிக்காதோரையும் குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிடும் ஆய்வு எதையும் நடத்தவில்லை. பிற்காலத்தில் மியாகியிலும் பிற இடங்களிலும் நடந்த, நோயாளிகளைப் பின்னோக்கி ஒப்பிடும் ஆய்வுகள், சோதனைக்கு வந்தோர் இந்நோயால் இறப்பது குறைவு என்று காட்டின. ஆனால் வருகிறவர் ஏற்கனவே உடல்நலத்தில் அக்கறையுள்ளவர் அல்லவா? அமெரிக்காவில் 1930-கள் தொட்டு எந்த வண்டியும் ஓடாமலே இரைப்பைப் புற்றுநோய் சரிந்தது. ஐஸ்பெட்டி வந்தது, உப்பில் ஊறவைப்பது குறைந்தது, வீடுகளில் நெரிசல் தளர்ந்தது. ஜப்பானில் வண்டியும் குளிர்பதனப் பெட்டியும் ஏறத்தாழ ஒரே பத்தாண்டில் வந்துசேர்ந்தன. எதற்கு எவ்வளவு புண்ணியம் என்று பிரித்துக் கொடுப்பது எளிதல்ல.

ஆஸ்திரேலியாவின் வாரனும் மார்ஷலும் 1982-ல் பிரித்தெடுத்த ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியா கதையைத் திருப்பிப் போட்டது. ஹிரோஷிமா மாவட்டத்தின் குரே நகரில் உவேமுரா குழுவினர் 1526 பேரைச் சராசரியாக ஏறத்தாழ எட்டாண்டுகள் தொடர்ந்து கவனித்து 2001-ல் வெளியிட்ட முடிவு எளிமையானது, அதிரவைப்பது: பாக்டீரியா இருந்த 1246 பேரில் 36 பேருக்குப் புற்றுநோய், இல்லாத 280 பேரில் ஒருவருக்கும் இல்லை. போருக்கு முன்னும் போரை ஒட்டியும் பிறந்த தலைமுறையின் வயிற்றில் அது பரவலாக இருந்தது. சுத்தமான குழாய்நீரில் வளர்ந்த பேரப்பிள்ளைகளிடம் அரிது. ஆக, இரைப்பைப் புற்றுநோய் மெல்ல மெல்ல ஒரு தலைமுறையின் நோயாகிவிட்டது. அந்தத் தலைமுறை இன்று முதுமையில் இருக்கிறது. 2013 பிப்ரவரியில் இப்பாக்டீரியாவால் வரும் இரைப்பை அழற்சிக்கும் மருத்துவக் காப்பீட்டில் சிகிச்சை அனுமதிக்கப்பட்டது; ஆனால் முதலில் எண்டோஸ்கோப்பி செய்து அழற்சியை உறுதிசெய்ய வேண்டும் என்பது விதி. மாத்திரைக்காகப் போகிறவர் வயிற்றைக் காட்டாமல் திரும்ப முடியாது. அலுவலக விதிகளில் இவ்வளவு சாமர்த்தியத்தை நான் அபூர்வமாகவே கண்டிருக்கிறேன்.

சோதனைக்கு வருவோர் எத்தனை பேர் என்ற கணக்கு மட்டும் அரசை விடாமல் தொந்தரவு செய்கிறது. 2006-ல் புற்றுநோய்க்கென அடிப்படைச் சட்டம். மறு ஆண்டுத் திட்டத்தில் பாதிப்பேராவது வரவேண்டும் என்ற இலக்கு. 2023-ல் அது அறுபது விழுக்காடாக உயர்த்தப்பட்டது. இரைப்பைச் சோதனை பாதியையே எட்டவில்லை. பெண்களிடையே இன்னும் குறைவு, ஏனெனில் ஆண்களைச் சோதனைக்குத் தள்ளுவது பெரும்பாலும் அலுவலகம். ஏன் வருவதில்லை என்று கருத்துக்கணிப்புகளில் கேட்டால் நேரமில்லை, வேண்டியபோது மருத்துவமனைக்குப் போய்க்கொள்ளலாம், உடம்பில் நம்பிக்கை இருக்கிறது என்பார்கள். கண்டுபிடித்துவிடுவார்களோ என்ற பயமும் பட்டியலில் தவறாமல் இருக்கிறது. தென்கொரியா 1999-ல்தான் தொடங்கியது. நாற்பது வயது கடந்தோருக்கு இரண்டாண்டுக்கு ஒருமுறை எண்டோஸ்கோப்பியோ பேரியமோ என்று தெரிவைக் கையில் கொடுத்தது, ஏழைகளிடம் கட்டணம் வாங்கவில்லை. 2010-களில் எழுபது விழுக்காட்டைத் தாண்டிவிட்டது. ஜப்பான் ஊராட்சிச் சோதனைகளில் எண்டோஸ்கோப்பியை அதிகாரபூர்வமாக ஏற்றது 2016-ல்தான். காமிராவைக் கண்டுபிடித்த நாடு பேரியத்தை விடமுடியாமல் அரை நூற்றாண்டுக்கு மேல் பற்றிக்கொண்டிருந்தது. வண்டிகள் இருந்தன, தொழில்நுட்பர்கள் இருந்தார்கள், பழக்கம் இருந்தது.

அவ்வாண்டே தொடக்க வயதும் ஐம்பதுக்கு உயர்ந்தது. உச்ச வயதென்று ஒன்றில்லை. ஆனால் வருகை விழுக்காடு கணக்கிடப்படுவது 69 வயதுவரைதான். இந்நோய் மிகுதியாகக் காணப்படுவதோ எழுபதைத் தாண்டியவர்களிடம். எண்பத்தைந்தைத் தாண்டியோருக்குச் சோதனை வேண்டாமென்றே கொரிய வழிகாட்டி பரிந்துரைக்கிறது. ஒரு வயதுக்குப் பிறகு கண்டுபிடிப்பதே நன்மையா என்பது தூய மருத்துவக் கேள்வி அல்ல. ஊரெல்லாம் போயிற்று என்று தானும் போன விவசாயியிடம் அன்று எவரும் அதைக் கேட்கவில்லை. இன்று அவருடைய மகன் எண்பது வயதில் அழைப்புக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கலாம். வேண்டாம் என்றும் சொல்லலாம். என்ன கண்டுபிடிக்கப்பட்டாலும் தன்னிடம் சொல்வார்கள் என்று அவருக்குத் தெரியும். என் பெரியப்பாவுக்கு அது வாய்க்கவில்லை.

சென்னையில் 1980-களிலிருந்து பேணப்படும் புற்றுநோய்ப் பதிவேட்டில் ஆண்களிடையே இரைப்பைப் புற்றுநோய் நெடுங்காலம் முன்வரிசையில் இருந்தது. மிசோரத்தில் அது மிக அதிகம். இந்தியாவின் பொதுச் சோதனைத் திட்டத்தில் வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகியவை மட்டுமே உள்ளன. நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டால் இரைப்பைப் புற்றுநோய் ஜப்பான் அளவுக்கு இல்லாததே காரணம். ஆகவே வண்டியைப் பற்றி நாம் இன்னும் விவாதிக்க நேரவில்லை. சொல்வதா வேண்டாமா என்பதை மருத்துவர் அறை வாசல்களில் அன்றாடம் விவாதித்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

2022-ல் 'இகிரு'வை 'லிவிங்' என்ற பெயரில் ஆங்கிலத்தில் மீண்டும் எடுத்தார்கள். திரைக்கதை கசுவோ இஷிகுரோ. களம் 1950-களின் லண்டன். அங்கும் அக்காலத்து மருத்துவர்கள் பெரும்பாலும் மறைக்கவே செய்தார்கள். ஆனால் படத்தில் மருத்துவர் பில் நைகியின் எதிரே அமர்ந்து, சற்றே தயங்கி, உள்ளதைச் சொல்லிவிடுகிறார். காத்திருப்புக் கூடத்து வாயாடி அந்தப் படத்தில் இல்லை.